பின்பக்கம் காலியான தாள்கள்

புதன்கிழமை மாலை பெரியவளை நாம் விட்டு வந்த இடம் ஞாபகம் இருக்கிறதா? கூட்ட அறை. எதிரில் மேலாளர், சுற்றிலும் நாலைந்து பேர். பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "சர்வர்ல ஒரு தப்பும் இல்ல சார். நம்பரை அழுத்தறவங்க பார்த்து அழுத்தணும்" என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

நம்பரை அழுத்துகிறவர் அவளுடைய தங்கை கணவர். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சொந்தபந்தம் பார்க்காமல் நியாயத்தைப் பேசிவிட்டாளே என்று மேலாளர் அசந்துபோனார். எனக்குத்தான் அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது கதை எழுதுகிறவளுக்கு ஒரு தண்டனை.

இந்த வாரம்தான் முதல் தடவையாகப் படிக்க உட்காருகிறீர்கள் என்றால், உங்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு பரிசோதனைக் கூடம். பதினெட்டு கிளினிக்குகளிலிருந்து ரத்தமும் சிறுநீரும் சின்னச் சின்னக் குப்பிகளில் வரும். முடிவுகள் ஃபேக்ஸில் திரும்பிப் போகும். இந்தக் காலத்திலும் ஃபேக்ஸா என்று கேட்காதீர்கள். கையில் தாளாக வந்து விழுந்தால்தான் அந்த டாக்டர்களுக்குத் திருப்தி. அந்தக் கூடத்தின் கணினிகளையெல்லாம் பதினோரு வருடமாகக் கட்டி மேய்ப்பவள் பெரியவள். அவளுடைய சிபாரிசில் எட்டு மாதத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தவர் சின்ன மாப்பிள்ளை. கணினியில் ரிப்போர்ட்டைத் திறந்து, கிளினிக்கின் நம்பரை அழுத்தி, அனுப்புவது அவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் ஃபேக்ஸ் சர்வரின் சாஃப்ட்வேரை மாற்றிப் புதியதைப் போட்டாள். திங்கட்கிழமை காலையிலிருந்து ஒரு கிளினிக்குக்கும் ரிப்போர்ட் போய்ச் சேரவில்லை. ஆனால் திரையில் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குப் பக்கத்திலும் பச்சை டிக். போனது, சேர்ந்தது, வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தம். பெரியவள் டிக்கை நம்பினாள். தங்கை கணவரை நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. சின்ன மாப்பிள்ளை மறதிக்காரர். முதன்முதலில் வீட்டுக்கு வந்த அன்றே அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர். அதுவும் ஒரு காலில் தன்னுடையது, இன்னொரு காலில் யாருடையதோ. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்தக் குடும்பம் ஆறு வருடமாகச் சிரிக்கிறது. அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்படிச் சிரித்துச் சிரித்தே ஒரு மனிதரை எதற்கும் லாயக்கில்லாதவர் ஆக்கிவிட முடியும், தெரியுமா? யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. செய்தது என்னவோ அதுதான்.

சரி, இனி வியாழக்கிழமை.

காலையில் அவருடைய நாற்காலியில் வரவேற்பிலிருந்து வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கீழ்த்தளத்துக்கு, பழைய ஃபைல்களை அடுக்க அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிடுவார். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று அப்போது தெரியும்.

மாடிப்படியில் பெரியவளைப் பார்த்ததும் சின்ன மாப்பிள்ளை ஒதுங்கி வழி விட்டார். சட்டைக் கையெல்லாம் தூசி. சாப்பிட்டீர்களா அக்கா என்று கேட்டார். அவள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை அவர் அவளுடைய மேஜைக்கு வந்து நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. நம்பரை இரண்டு தடவை பார்த்துத்தான் அழுத்துகிறேன், சர்வரை ஒரே ஒரு தடவை பாருங்களேன் என்று கேட்டார். கையில் ஒரு சின்ன நோட்டு. பதினெட்டு நம்பர்களையும் அதில் எழுதி, ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அவள் அந்த நோட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. டிக் விழுந்திருக்கே தம்பி, அப்புறம் என்ன என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்கே வில்லங்கம் ஆரம்பித்தது. வரவேற்புப் பெண் ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தினாள். ஒரு தப்பும் இல்லை. எல்லாம் பச்சை டிக். அரை மணி கழித்து அதே கிளினிக்குகளிலிருந்து அதே போன்கள். ஒரு டாக்டர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். மூன்று நாளாக ஒரு கர்ப்பிணியை ரிசல்ட் இல்லாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். வரவேற்புப் பெண் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்றைக்கு அழுத்தியது அவர் இல்லையே.

அவள் தானே ஒரு பக்கத்தைத் தயார் செய்து, பக்கத்து அறையில் சும்மா கிடக்கும் ஃபேக்ஸ் மெஷினின் நம்பரை அழுத்தி அனுப்பினாள். பச்சை டிக் விழுந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். மெஷின் அசையவே இல்லை. ஐந்து நிமிஷம் அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை.

கேபிளைப் பிடுங்கி மாட்டினாள். அனுப்பும் வேகத்தைக் குறைத்தாள். சர்வரை அணைத்துப் போட்டாள். நாலு லைன் இருந்தும் ரிப்போர்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்பவர்களைப் போலப் போய்க்கொண்டிருந்ததை அவள் திங்கட்கிழமையே பார்த்திருந்தாள். புது சாஃப்ட்வேர், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இருக்கும் என்று விட்டிருந்தாள். இப்போது அது உறுத்தியது.

கோளாறு சர்வரில்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணி பதினொன்றரை. மேலாளர் அறை பத்தடி தூரம். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். நேற்று அத்தனை பேர் முன்னால் அவ்வளவு பேசிவிட்டு, இன்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாற்றிப் பேசுவது?

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள்.

அம்மாவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. போனில் சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது.

"ஏண்டி, உன் டெஸ்ட் இன்னும் முடியலையா? ஒரு கட்டு பேப்பரை முழுங்கிடுச்சு. வர்ற கஸ்டமருக்கு நான் என்ன, என் முந்தானையிலயா ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறது?"

என்ன டெஸ்ட் என்று பெரியவள் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சியே, அதான். செவ்வாக்கிழமையே சொல்ல வந்தேன். அப்புறம் பேசறேம்மான்னு வெச்சிட்ட."

பெரியவள் நாற்காலியை உள்ளே தள்ளக்கூட நிற்கவில்லை. ஓடினாள்.

அவள் ஓடட்டும், அதற்குள் நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபேக்ஸ் சர்வரில் கை வைக்கும்போதெல்லாம் பெரியவளுக்கு ஒரு வழக்கம். சோதனைத் தாள்கள் தப்பித்தவறி நிஜ டாக்டர்களுக்குப் போய்விடக் கூடாதே என்று, யார் எந்த நம்பரை அழுத்தினாலும் எல்லாம் அம்மா கடை மெஷினுக்கே போகும்படி சர்வரில் ஒரு விதியைப் போட்டுவைப்பாள். தாள் வந்ததா, எழுத்து தெளிவாக இருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டதா என்று அம்மா போனில் சொல்வாள். எல்லாம் சரி என்றதும் பெரியவள் அந்த விதியை அழித்துவிடுவாள்.

அம்மாவுக்கும் அதில் ஒரு சௌகரியம். வந்த தாள்களின் பின்பக்கம் காலியாக இருக்கும். அதை நாலாக வெட்டி, எத்தனை பக்கம், எத்தனை காப்பி என்று எழுதிக் கஸ்டமர்களிடம் கொடுப்பாள். எடுத்துக்கோம்மா, எல்லாம் பொய்ப் பேஷன்ட், பொய் நம்பர் என்று சொல்லிவைத்ததே பெரியவள்தான்.

இந்தத் தடவை விதியை அழித்தாளா? அழிக்கப் போனாள். வழக்கமாக அது இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். புது சாஃப்ட்வேரில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. மாற்றும்போது தானாகவே போய்விட்டது போலிருக்கிறது என்று தன்னுடைய வேலைப் பட்டியலில் டிக் அடித்துவிட்டாள். அவளும் ஒரு டிக் போட்டிருந்தாள், பாருங்கள்.

கடையில் ஒருவர் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்கக் காத்துக்கொண்டிருந்தார். அம்மா வெட்டுக் கத்தியின் நீளக் கைப்பிடியைப் பிடித்து இறக்கி, ஒரு கத்தைத் தாளை நாலாக வெட்டி முடித்திருந்தாள். ஒரு துண்டில் ‘முப்பத்திரண்டு பக்கம், ரெண்டு காப்பி’ என்று எழுதி அவரிடம் நீட்டினாள். பெரியவள் குறுக்கே கையை நீட்டி அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள்.

வயது நாற்பத்து மூன்று, பெண். கீழே பாதியில் வெட்டுப்பட்ட எண்கள். மேலே நேற்றைய தேதி. அதற்கும் மேலே கிளினிக்கின் பெயர். பொய்ப் பேஷன்ட்டுக்கு அவள் ஒருநாளும் வயது போட்டதில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்குப் பின்னால் ஃபேக்ஸ் மெஷின் முனகிக்கொண்டு இன்னொரு தாளைத் துப்பியது.

துண்டைப் பறிகொடுத்தவர் முறைத்தார். பெரியவள் புதிதாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதே வரியை எழுதி அவரிடம் கொடுத்து, சாயந்தரம் வரச் சொல்லி அனுப்பினாள். பிறகு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவுக்கு முதலில் ஏறவே இல்லை. ஏறியதும் கையிலிருந்த கத்தையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நிஜ மனுஷங்களோடதா?"

"ஆமாம்மா."

"மூணு நாளா இதுல எழுதி எல்லார் கையிலயும் குடுத்தேனேடி. எதிர்க்கடைக்காரருக்கு, டியூஷன் பசங்களுக்கு. யாருக்கு என்ன வியாதின்னு நானே ஊர் பூரா பங்கு வெச்சிருக்கேன்."

அந்தக் கடையின் ஷட்டர் பட்டப்பகலில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு இறங்கியது. அம்மா குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பெரியவளும் பொறுக்க உட்காரப் போனாள். அம்மா தடுத்தாள்.

"இதை நான் பார்த்துக்கறேன். நீ போய் மாப்பிள்ளை விஷயத்தைப் பாரு." அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "நேத்து சின்னவ போன் பண்ணி அழுதா. இவரால அக்காவுக்கு ஆபீஸ்ல தலைகுனிவாயிடுச்சேன்னு அழுதாடி. உனக்காக அழுதா."

பெரியவள் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து வெளியே போனாள்.

திரும்பி வந்து விதியைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. புது சாஃப்ட்வேரில் அதை வேறு பக்கத்துக்கு நகர்த்தியிருந்தார்கள், அவ்வளவுதான். தேடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே கிடைத்திருக்கும். பச்சை டிக் விழுவது அழுத்திய நம்பருக்குப் பக்கத்தில். நிஜமாக எந்த நம்பருக்குப் போனது என்பது உள்ளே வேறொரு பட்டியலில் இருந்தது. அதையும் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை அம்மா கடை நம்பர். நானூறு வரிக்குப் பக்கம், அதே ஒரு நம்பர்.

விதியை அழித்தாள். பக்கத்து அறை மெஷினுக்கு ஒரு தாள் அனுப்பினாள். வந்தது. தேங்கிப்போன மூன்றரை நாள் ரிப்போர்ட்டுகளையும் மறுபடி வரிசையில் ஏற்றினாள். நாலு லைனும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. சிறிது நேரத்தில் கிளினிக்குகளிலிருந்து வந்துவிட்டது, வந்துவிட்டது என்று போன்கள். வரவேற்புப் பெண் சிரித்த முகத்தோடு மேலாளரைக் கூப்பிட ஓடினாள்.

மேலாளர் நல்ல மனிதர். வந்தவர் மனம் விட்டுப் பாராட்டினார். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டீர்கள் என்றார். கடைசியில் என்னதான் கோளாறு என்று கேட்டார்.

"ஒரு செட்டிங் சார்."

பொய்யென்று சொல்ல முடியாது. உண்மை என்று சொன்னால் என் வாய் வேகும். இந்தக் கதையில் எத்தனையோ பேரை வாரா வாரம் திட்டித் தீர்த்திருக்கிறேன். இவளை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

அவர் போன பிறகு அவள் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். விதி போய்விட்டது. துண்டுகளை அம்மா பொறுக்கிவிடுவாள். உள்ளே இருக்கும் பட்டியலை இந்தக் கட்டடத்தில் அவளைத் தவிர யாரும் திறக்கப் போவதில்லை. சின்ன மாப்பிள்ளைக்கு வேலை போனால் என்ன, வேறு வேலை பார்த்துக் கொடுக்கலாம், போன தடவை பார்த்துக் கொடுக்கவில்லையா? இப்படி அவள் நினைத்தாள். நினைத்தது தான்தானா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கழுவும் அறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். எதிரில் இருந்த கண்ணாடியைப் பார்க்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு மேலாளர் பெரியவளைக் கூப்பிட்டார்.

உங்கள் வீட்டு மனிதர் என்பதால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன் என்றார். சர்வரிலும் கொஞ்சம் கோளாறு இருந்தது, சரி. ஆனால் ஆளிடமும் கோளாறு இருக்கிறதே, அவரே காலையில் எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

‘ஐயா, நான் அவசரத்தில் நம்பர்களை மாற்றி அழுத்தியிருக்கலாம். எனக்கு மறதி உண்டு என்பது உண்மை. இந்த வேலை, என் மனைவியின் அக்கா என் மேல் நம்பிக்கை வைத்து வாங்கிக் கொடுத்தது. அவர்களுக்குத் தலைகுனிவு உண்டாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என்ன முடிவு எடுத்தாலும், அவர்கள் பெயருக்கு இதனால் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.’

கீழே கையெழுத்து அவருடையது. மேலே இருந்த எழுத்து சின்னவளுடையது. பள்ளிக்கூட நாளிலிருந்து பெரியவளுக்குத் தெரிந்த எழுத்து. வரி முடியும் இடத்தில் கொஞ்சம் மேலே ஏறும். ‘நம்பிக்கை’ என்ற வார்த்தையை ஒரு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தாள்.

பெரியவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்துகள் கலங்கிவிட்டன.

"சார், அவர் ஒரு நம்பரைக்கூடத் தப்பா அழுத்தல. தப்பு பூரா என்னோடது."

அப்புறம் மிச்சம் மீதி இல்லாமல் சொன்னாள். விதியைச் சொன்னாள். அம்மா கடையைச் சொன்னாள். நாலாக வெட்டிய தாள்களைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை அவர் வந்து கேட்டதையும், தான் நோட்டைத் தொடாததையும் சொன்னாள். மத்தியானமே எல்லாம் தெரிந்தும், பாராட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். அந்தக் கடைசி விஷயத்தில்தான் குரல் உடைந்தது.

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஜெராக்ஸ் கடையிலா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு வேலையைப் பற்றித்தான் பேசினார். வெட்டியது, வெட்டாதது எல்லாத் தாளும் இங்கே வந்தாக வேண்டும். நடந்ததை அப்படியே எழுதி, அவளுடைய கையெழுத்தோடு, பதினெட்டு கிளினிக்குகளுக்கும் இன்றே அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை முதலாளி முன்னால் அவள் வந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் இங்கே இருப்பாளா என்பது தன் கையில் இல்லை என்றார்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள் சார் என்று அவள் கேட்டாள். அவர் அதை மேஜைமேல் அவள் பக்கம் தள்ளினார்.

"எழுதினவர்கிட்ட நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

கீழ்த்தளத்தில் சின்ன மாப்பிள்ளை ஏணியில் நின்று ஃபைல்களை வருட வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று மணி ஆகிவிட்டதென்று நினைத்து இறங்கி வந்து, சட்டையைத் தட்டிக்கொண்டார். மேலாளர் கூப்பிடுகிறாரா என்று கேட்டார். பெரியவள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். படியில் வரும்போது நல்ல நல்ல வார்த்தைகளாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். மன்னிச்சிடுங்க தம்பி என்று முடித்து, கடிதத்தை அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ நான் சரியாத்தான் அழுத்தியிருக்கேனாக்கா?"

"எல்லாமே சரி தம்பி."

அவர் தலையை ஆட்டினார். காலை மிதித்தால்கூடப் பரவாயில்லைங்க என்று சொல்கிற மனிதர். அன்றைக்கு அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தான் அதற்காகக் காத்து நின்றதை, அது வராதபோதுதான் பெரியவள் உணர்ந்தாள்.

நாலரை மணிக்கு அவர் பழையபடி தன் நாற்காலியில் இருந்தார். வரவேற்புப் பெண் அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, தண்ணீர் பாட்டிலை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். அம்மா ஒரு பையில் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்டியதையெல்லாம் தரையில் பரப்பி, துண்டோடு துண்டு சேர்த்து ஒட்டியிருந்தாள். ஏழு துண்டுகள் மட்டும் கிடைக்கவில்லை. எந்தெந்தக் கஸ்டமர் என்று யோசித்து யோசித்து ஒரு பட்டியல் எழுதியிருந்தாள். வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறேன் என்றாள். மாப்பிள்ளையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முடியாமல் பையின் காதைத் திருகிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

பெரியவள் கிளினிக்குகளுக்கான கடிதத்தை எழுதி முடித்தாள். ஒரு பக்கம்தான் வந்தது. பூசி மெழுகாமல் எழுதினால் எதுவும் ஒரு பக்கத்துக்கு மேல் போவதில்லை. கையெழுத்துப் போட்டு, அவரிடம் நீட்டினாள். நம்பரை அழுத்தி அனுப்புவது அவர் வேலையாயிற்றே.

அவர் அதை முழுக்கப் படித்தார். தன்னைப் பற்றி எழுதியிருந்த வரி வந்ததும் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார். முதல் நம்பரை அழுத்தினார். அனுப்பும் பொத்தானுக்கு முன்னால் கை நின்றது.

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கக்கா. சரியா இருக்கா?"

இனிமேல் அதெல்லாம் வேண்டாம் தம்பி என்றாள் அவள்.

"இல்லக்கா. நேத்திலேர்ந்து எனக்கே என் கையை நம்ப முடியல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சரி என்றாள். அவர் அனுப்பினார். பச்சை டிக் விழுந்தது. அவர் டிக்கைப் பார்க்கவில்லை. போனை எடுத்து, அந்தக் கிளினிக்கையே கூப்பிட்டு, தாள் கைக்கு வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டில் பென்சில் கோடு போட்டார். அப்புறம் இரண்டாவது நம்பர். பதினெட்டு தடவை அவர் கேட்டார். பதினெட்டு தடவை அவள் சரி என்றாள். செவ்வாய்க்கிழமை அவர் அவளிடம் கேட்டது ஒரே ஒரு தடவை.

முடிந்ததும் அவர் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன்னுடைய மன்னிப்புக் கடிதத்தையும் நாலாக மடித்து அதற்குள் வைத்தார். கிழிக்கவில்லை. எழுந்திருக்கும்போது, அவளைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"வீட்லயும் நீங்களே சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

கூட்ட அறையில் சொன்ன ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பெரியவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவருடைய மேஜையிலிருந்தே போனை எடுத்தாள். தங்கையின் நம்பரை ஒரு தடவை தப்பாக அழுத்தினாள். அதை அவர் பார்த்தார். 

சின்னவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். இவளைப் பேசவே விடவில்லை.

"அக்கா, அவர் லெட்டரைக் குடுத்துட்டாரா? நான்தான்க்கா பக்கத்துல உக்காந்து எழுதினேன். நான் சரியாத்தான் அழுத்தினேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். எங்க அக்கா பொய் சொல்ல மாட்டா, நீங்கதான் நல்லா யோசிச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டேன். கடைசியில ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டார். நீ மனசுல எதையும் வெச்சுக்காதக்கா. எனக்காக அவரை மன்னிச்சிடு."

அறை அமைதியாக இருந்தது. போனில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் சின்ன மாப்பிள்ளைக்கும் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பெரியவள் வாயைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் நின்றவரின் முதுகைப் பார்த்தாள்.

"அக்கா?" என்றாள் சின்னவள். "ஏன்க்கா பேச மாட்டேங்கற? இன்னும் அவர் மேல கோவமா?"